சனிக்கிழமை அணைத்த சர்வர்

"ஹலோ... ஹலோ சார், நான்தான் சார், பூனை... ஆமா சார், பூனையேதான்... போன மாசம் நீங்க நிறுத்தின பூனை... இல்ல சார், சும்மா கூப்பிடல... லெட்டர் சார்... அதான் சார், என்னை வேலையிலேருந்து விடுவிச்ச லெட்டர்... ஆமா... ஆமா சார், நாலு நாளா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... இன்னிக்குத்தான் கடைசி நாள்..."

வீட்டில் அவனுக்கு வைத்த பேர் வேறு. சரக்குக் கிடங்கில் ஒன்பது வருஷம் கம்ப்யூட்டர் சர்வர் அறையைப் பார்த்துக்கொண்டவனுக்கு அங்கே பூனை என்றுதான் பேர். உள்ளே ஆள் இருக்கிறானா இல்லையா என்பதே வெளியில் தெரியாது. வந்தால் சத்தமில்லை, போனால் சத்தமில்லை, திட்டினாலும் சத்தமில்லை. இப்போது அவன் நின்றிருந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி நடையில், வேலைக்கு ஆள் சேர்க்கும் பிரிவின் கண்ணாடி ஜன்னலுக்கு எதிரே. ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தாகிவிட்டது. ஆனால் பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் பன்னிரண்டு மணிக்குள் வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன் என்று ஜன்னலுக்குள்ளிருந்த அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். மணி பத்து ஐம்பது.

பக்கத்து நாற்காலியில் அவனுடைய அக்கா, தையல் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை போன நாளிலிருந்து அவன் படுக்கை அவள் வீட்டு ஹாலில்தான். மாமா தங்கமான மனுஷர், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் இந்த வாரம் ராத்திரிச் செய்தியை ஹாலில் கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேட்க ஆரம்பித்திருந்தார்.

"...சர்வர்ல இருக்கா? சரி சார், எடுத்து அனுப்பிடுங்க, ரெண்டு நிமிஷ வேலை... ஏன் சார்? ...சர்வர் எழுந்திரிக்கலையா? ...எப்பலேருந்து? ...காலையிலேருந்தேவா!"

பூனை போனின் வாயைப் பொத்திக்கொண்டு, "அக்கா, சர்வர் படுத்துடுச்சாம். லெட்டரும் அதுக்குள்ளதான் இருக்காம்" என்றான். அக்கா ஃபைலால் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இருக்கேன் சார், சொல்லுங்க... தலைமை ஆபீசுக்குச் சொன்னீங்களா? ...டோக்கன் குடுத்திருக்காங்களா, எத்தனாவது? ...நூத்தி நாப்பதா... இப்ப எத்தனை ஓடுது? ...ஒன்பது... சரி... சரி... அது என்ன சார் பின்னாடி ஒரே ஹாரன்? ...எத்தனை லாரி? ...பதினாலா! ...ஆமா சார், கேட் பாஸ் சர்வர்லேருந்துதானே அச்சாகும்... ஆமா, பாஸ் இல்லாம கேட்டைத் திறக்கவே கூடாதுன்னு நீங்கதான் போர்டு எழுதி மாட்டினீங்க... இல்ல சார், குத்திக் காட்டல... ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்..."

குத்திக் காட்டியிருந்தாலும் தப்பில்லை. அந்த மேனேஜர் அவனை நிறுத்தியதற்குச் சொன்ன காரணம் அப்படி. சர்வர்தான் ஒரு நாளும் நிற்பதே இல்லையே, அதற்கு எதற்கு ஒரு ஆள் என்றார். வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை என்று டாக்டரைக் கோபித்துக்கொள்கிற ரகம். அது நிற்காமல் இருக்கத்தான் ஒருத்தன் உள்ளே ஒன்பது வருஷம் நின்றான் என்று அன்றைக்கே எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் பூனை இல்லையே! 'சரி சார்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

"சார், நீங்களே சர்வர் ரூமுக்குப் போங்க... நீங்களேதான்... வேற யாரு சார் இருக்கா, இருந்த ஒருத்தனையும்... சரி சரி, விடுங்க... சாவி கேட் அண்ணன்கிட்ட இருக்கும்... போயாச்சா? ...புழுங்குதா? ஏசியை அணைச்சிட்டீங்களா? ...போடுங்க, முதல்ல அதைப் போடுங்க... இடது பக்கம் கறுப்பா ஒரு திரை இருக்கா? ...டிவி இல்ல சார் அது... எழுத்து தெரியுதா? ...கடைசி மூணு வரியைப் படிங்க... ம்... ம்... அந்த ரெண்டாவது வரியை மறுபடி... எதிர்காலம்னா இருக்கு? சரியாப் பாருங்க... ஐயோ, ஜோசியம் இல்ல சார்... உங்க எதிர்காலமும் இல்ல, பிரமோஷனும் இல்ல... டிஸ்க்கைக் கடைசியாத் திறந்த நேரம் எதிர்காலத்துல இருக்குன்னு சொல்லுது... அப்படின்னா அதோட கடிகாரம் எங்கயோ பின்னாடி போய் உக்காந்திருக்கு..."

நடையில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்த அவன் கால்கள் சட்டென்று நின்றன.

"சார்... சனிக்கிழமை என்ன நடந்துச்சு? ...ஒன்னுமே நடக்கலையா... யாராவது சர்வரைத் தொட்டாங்களா? ...சார், உண்மையைச் சொல்லுங்க. திட்ட மாட்டேன்... அணைச்சீங்களா? ...சார், அணைச்சீங்களா இல்லையா?"

வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பூனை குரலை உயர்த்தி அக்காவே பார்த்ததில்லை.

"எதுக்கு சார்? ...மின்சாரச் சிக்கனக் கேடயமா? ...எல்லாக் கிளைக்கும் போட்டியா... ஓஹோ... ஆளே இல்லாத ரூமுக்கு எதுக்குக் கரன்ட்டுன்னு... ஏன் சார், அந்த ரூம்ல ஆளில்லாம போனது யாரால? ...சரி, விடுங்க. கேடயம் கிடைச்சுதா? ...அடுத்த மாசம்தான் சொல்லுவாங்களா... நல்லது சார், வாழ்த்துக்கள்."

அது யூனிக்ஸில் ஓடுகிற பழைய சர்வர். அதன் வயிற்றில், அணைத்திருக்கும்போதும் நேரத்தை ஞாபகம் வைத்திருக்க ஒரு சின்ன பட்டன் பேட்டரி உண்டு. அது செத்து நாலு வருஷம் ஆகிறது. புதுசு வேண்டும் என்று பூனை ஆறு தடவை எழுதிக் கொடுத்தான். ஓடுகிற சர்வருக்கு என்ன பேட்டரி என்று ஆறு தடவையும் திரும்பி வந்தது. நிற்கவிட்டால்தானே வம்பு என்று அவன் அதை நிற்கவே விடாமல் நாலு வருஷம் ஓட்டிவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் கேடயத்தின் மேல் வைத்த ஆசையில் சுவிட்சைத் தட்டினார். இன்று காலை கண் விழித்த சர்வர் இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று, அதாவது யூனிக்ஸ் நாள் எண்ண ஆரம்பிக்கிற தேதி என்று நினைத்துக்கொண்டது. டிஸ்க்கைப் பார்த்தால் ஐம்பது வருஷத்துக்கும் மேலே தள்ளி ஒரு தேதி. இது என்னடா கூத்து என்று பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டது. அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது.

"சரி சார், பயப்படாதீங்க, சரி பண்ணிடலாம்... கீபோர்டு இருக்கா? ...அது மேல என்ன இருக்கு? ...டிபன் டப்பாவை நகர்த்துங்க... நான் சொல்ற எழுத்தை மட்டும் அடிங்க, எதையும் சேர்க்காதீங்க... 'டேட்'னு அடிக்கணும்... டி... ஏ... டி... இ... தேடுங்க, இருக்கும்... இருக்கு சார், எல்லா கீபோர்டுலயும் 'ஏ' இருக்கும்... இடது பக்கம்... ஆமா. இப்ப ஒரு ஸ்பேஸ். நீளமா ஒன்னு இருக்கும்... அதேதான்... இனி நம்பர். மாசம் ரெண்டு எண், தேதி ரெண்டு எண், அப்புறம் மணி, நிமிஷம். கடைசியில வருஷம் நாலு எண். நடுவுல ஒன்னும் வேண்டாம்... இப்ப மணி பதினொன்னு அஞ்சு சார்... ஏன் சார்? ...ஒன்பதுன்னு போடவா? எதுக்கு? ...லாரி லேட்டானது பதிவாகாதா..."

பூனை நெற்றியைப் பிடித்துக்கொண்டான். வெளியே பதினாலு டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். உள்ளே இந்த மனுஷர் நேரத்தையே திருத்தி எழுதிவிடலாமா என்று யோசிக்கிறார். கேடயம் வாங்குகிறவர்களுக்கென்று தனி மூளை இருக்கும்போல.

"சார், நீங்க அங்க ஒன்பதுன்னு அடிச்சா இங்க ஒன்பதாயிடுமா? எனக்குப் பன்னெண்டு மணிக்குள்ள லெட்டர் வேணும்... பதினொன்னு அஞ்சுன்னே போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்... என்டர்... சரியான தேதி காட்டுதா? ...அப்பாடா. இப்ப எஃப்... எஸ்... சி... கே... ஸ்பேஸ், ஒரு சின்னக் கோடு, ஒய்... என்டர். ஓடுதா? ...நம்பர் ஏறுதா? ...ஏறட்டும். டிஸ்க் பூரா ஒரு தடவை பாத்துட்டு வரும். நீங்க எதையும் தொடாதீங்க. கையைப் பாக்கெட்ல வெச்சுக்குங்க... நிஜமாவே வெச்சுக்குங்க சார்."

அக்கா மணியைக் காட்டினாள். பதினொன்று பத்து. அவன் தலையை ஆட்டிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அந்த அழுக்கு அறையின் விசிறிச் சத்தம் போன் வழியாக வந்தபோது அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். விரட்டிவிட்ட இடம்தான். இருந்தாலும் அது பிழைத்து எழுந்திரிக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"எத்தனை சார்? ...முப்பது பர்சன்ட்டா, நல்லாப் போகுது... சார், லாரிக்காரங்களுக்குக் குடிக்கத் தண்ணியாவது குடுங்க. வெயில்ல நிக்கறாங்க... கேட் அண்ணன்கிட்ட சொல்லுங்க... ம்... எழுபதா... சரி சார், இது எழுந்ததும் முதல் வேலையா என் லெட்டரை அனுப்பிடுவீங்க இல்ல? ...என்ன சார்? ...எத்தனை பேர் சம்மதிக்கணும்? ...மூணு பேரா! ...யார் யார்? ...நீங்க ஒருத்தர்... தலைமை ஆபீஸ்ல ரெண்டு பேர்... ஒருத்தர் லீவா... எப்ப வருவாரு? ...புதன்கிழமை..."

ஜன்னலுக்குள் அந்த அம்மா அடுத்த ஃபைலை எடுத்து மேலே வைத்துக்கொண்டதை அவன் பார்த்தான். அது யாருடைய ஃபைல் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

"சார், அவசரம் சார்... இங்க வேலை போயிடும்... ம்... என்னது? ...திரும்பி வரவா? ...அங்கயேவா? ...இல்ல சார், புரியல... சர்வர் ஓடினப்போ ஆள் வேண்டாம்னீங்க... இப்ப படுத்துடுச்சு, அதனால ஆள் வேணுமா... அப்ப நான் வாரத்துக்கு ஒரு தடவை அதைப் படுக்க வெச்சிருந்தா என்னை நிறுத்தியிருக்க மாட்டீங்க, அப்படித்தானே? ...கோபம் இல்ல சார்... கோபம் இல்ல, வருத்தம்... ஒன்பது வருஷம் சார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் 'நல்லா ஓடுதுப்பா'ன்னு அந்த ரூம் பக்கம் வந்து சொல்லியிருக்கீங்களா? ...ஆமா சார், வந்தீங்க. ஏசி சில்லுனு இருக்குன்னு மத்தியானம் தூங்க வந்தீங்க... சரி, நூறு ஆயிடுச்சா? ...எக்ஸிட்னு அடிங்க. இ... எக்ஸ்... ஐ... டி... என்டர்... வரி வரியா ஓடுதா? ...ஓடட்டும், ஓடட்டும்... நின்னுடுச்சா? என்ன கேக்குது? ...பேர் கேக்குதா. ஆர்... ஓ... ஓ... டி... என்டர். இப்ப? ...ஆ... பாஸ்வேர்டு..."

பூனை போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டான்.

அந்தப் பாஸ்வேர்டு அடித்தால் போதும். மிச்சமெல்லாம் தானாகக் கிளம்பும், கேட் பாஸ் அச்சாகும், பதினாலு லாரியும் நகரும். அப்படித்தான் அவன் எழுதி வைத்திருந்தான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நிறுத்திய அன்று சாயங்காலம், கடைசி ஒரு மணி நேரத்தில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பூனைக்குக் கோபம் வந்தது. யாரிடமும் கத்தத் தெரியாது. அதனால் போய்ப் பாஸ்வேர்டை மாற்றினான். மேனேஜரிடம் சொல்ல நினைத்து ஒன்பது வருஷமாகத் தொண்டையில் நின்றதை, சேர்த்து ஒரே வார்த்தையாக அடித்து வைத்தான். அதையே சீட்டில் எழுதி, உறையில் போட்டு, ஒட்டிக் கையில் கொடுத்தான். மேனேஜர் விதிப்படி நடக்கிறவர்; உறையைப் பிரிக்காமலேயே முத்திரை வைத்துத் தலைமை ஆபீஸ் இரும்புப் பெட்டிக்கு அனுப்பிவிட்டார்.

"...இருக்கேன் சார்... பாஸ்வேர்டு மறக்கல, நல்லா ஞாபகம் இருக்கு... சொல்றேன் சார், சொல்லாம எங்க போறேன்... அதுக்கு முன்னாடி... சார், ஒரு நிமிஷம்..."

அவன் அக்காவைப் பார்த்தான். இதை இப்போது சொல்லிவிட்டால் லெட்டர் புதன்கிழமை இல்லை, எந்தக் கிழமையும் வராது. அக்காவுக்கு விஷயம் தெரியாது. ஆனாலும் தம்பியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, விடாதே என்று கையை மூடிக் காட்டினாள்.

"சார், உங்க ரூமுக்குப் போங்க, மேசை மேல கம்பெனி பேர் போட்ட தாள் இருக்கும். ஒன்னு எடுங்க... எதுக்கா? லெட்டர் எழுத... கையாலதான் சார்... செல்லும் சார், நீங்கதானே மேனேஜர், உங்க கையெழுத்து செல்லாம வேற யார் கையெழுத்து செல்லும்? ...விதி இல்லையா... சரி, அப்ப புதன்கிழமை வரைக்கும் லாரி நிக்கட்டும்... மிரட்டல் இல்ல சார், கேக்கறேன்... என்ன பண்ணுவீங்க? ...என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவீங்களா? ...சார், அதைப் போன மாசமே பண்ணிட்டீங்க."

அந்தப் பக்கம் ஹாரன் மட்டும் கேட்டது. ஒன்று, இரண்டு, அப்புறம் எல்லாம் சேர்ந்து. டிரைவர்களை நினைத்துப் பூனைக்குப் பாவமாக இருந்தது. அதற்காக இறங்கிவரவில்லை.

"...எடுத்துட்டீங்களா? எழுதுங்க. என் நிஜப் பேர்... தெரியாதா? ...போன மாசச் சம்பளப் பட்டியல் சுவத்துல தொங்குது பாருங்க, ஏழாவது வரி... ஆமா, அதான் என் பேரு... நல்ல பேரா? தேங்க்ஸ் சார்... நிறுத்தின தேதியோட பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்... ம்... 'வேலை இல்லாததால்'னு எழுதாதீங்க, அடிச்சிட்டு வேற தாள் எடுங்க... எழுதுங்க: ஒன்பது வருஷம்... சர்வர் ஒரு நாளும் நிக்காமப் பாத்துக்கிட்டார்... ஆமா, அப்படியேதான்... உண்மைதானே சார்? ...கையெழுத்து. கீழே ரப்பர் ஸ்டாம்ப்... தலைகீழா வெச்சிடாதீங்க... இப்ப போட்டோ எடுத்து இந்த நம்பருக்கு அனுப்புங்க, அக்கா நம்பர்... சொல்றேன், குறிச்சுக்குங்க..."

அக்காவின் போன் 'டிங்' என்றது. படத்தை விரலால் பெரிசாக்கி எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு, செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளேயிருந்த அம்மா போனை வாங்கிப் பார்த்தார், யாரையோ கூப்பிட்டுக் காட்டினார், மூல லெட்டரை வியாழக்கிழமைக்குள் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்றார். அப்புறம் பெரிய பதிவேட்டை எடுத்து, பூனையின் பேருக்கு நேரே முத்திரையைக் குத்தினார். மணி பதினொன்று நாற்பத்திரண்டு. அக்கா திரும்பி நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. வாய் என்னவோ ராத்திரிச் செய்தியைச் சத்தமாக வைத்த மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தது.

பூனை எழுந்து நின்றான். முதுகு தானாக நிமிர்ந்தது.

"வந்துடுச்சு சார், ரொம்ப நன்றி... மூல லெட்டரைக் கேட் அண்ணன்கிட்ட குடுத்துட்டு சர்வர் ரூமுக்குப் போங்க, நான் வந்து வாங்கிக்கறேன்... குடுத்தாச்சா? ...சொல்றேன், சொன்ன சொல் மாற மாட்டேன்... அடிக்கும்போது திரையில எழுத்து தெரியாது, அதனால ஒரு தாள்ல எழுதிக்கிட்டே அடிங்க, தப்பு வராது... எல்லாம் சின்ன எழுத்து... எம்... ஏ... என்... டி... யூ... ஆச்சா? ஸ்பேஸ் வேண்டாம், ஒட்டியே அடிங்க... மறுபடி எம்... ஏ... என்... ஏ... ஜி... இ... ஆர். அவ்வளவுதான். என்டர்... ஓடுதா? ...பிரிண்டர் சத்தம் எனக்கே கேக்குது சார்... முதல் பாஸ் வந்துடுச்சா? ...கேட் அண்ணன்கிட்ட குடுத்து அனுப்புங்க... ஆமா... ஆமா, இனி நிக்காது... என்ன சார்? ...தாள்ல எழுதினதைச் சேர்த்துப் படிச்சா... ஆமா சார்... ஆமா, சரியாத்தான் படிச்சிருக்கீங்க, 'மண்டு மேனேஜர்'தான்... ஐயோ, பொதுவாச் சொன்னது இல்ல சார். உங்களை நினைச்சுத்தான் வெச்சேன்... ஹலோ? ...ஹலோ?"